பதிவுத் தபால் வாங்காத ஊர்

புளியங்குளத்துக்கு உள்ளே, கல்லுடைக்கும் கொம்பனி வெடி வைக்கும் போதெல்லாம் கிணறுகள் பிளந்து தண்ணீர் இறங்கியது. மாதர் சங்கச் செயலாளர் அமராவதி வவுனியாவில் இருக்கும் அரசாங்கக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதினாள். முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்து வைத்தார்கள். சிலர் இரண்டு தரம் வைக்கப் பார்த்தார்கள், அவ்வளவு வீரம்.

கொம்பனி வழக்குப் போட்டது அவள் ஒருத்திமேல்தான். தன் பேரைக் கெடுத்துவிட்டாளாம். ஐந்து கோடி ரூபாய் நட்டஈடு, வழக்கு கொழும்பில். ஐந்து கோடிக்கு எத்தனை சைபர் என்று ஊரில் ஒரு கிழமை கதை நடந்தது. பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதால்தான் அவள் மாட்டினாள் என்று ஊர் தீர்ப்பும் சொல்லிவிட்டது.

ஆகவே, போன கிழமை தபால்காரன் கிருசாந்தன் ஒரு கட்டுப் பதிவுத் தபாலோடு வந்தபோது படலைகள் எல்லாம் பூட்டிக்கிடந்தன. அமராவதி மட்டும் வாங்கிப் பிரித்தாள். அவர்களுடைய முறைப்பாட்டைக் கந்தோர் விசாரிக்கப் போகிறது. புதன்கிழமை, வவுனியாவில். ஒருவரும் வராவிட்டால் முறைப்பாட்டுக் கோவை மூடப்படும்.

அதே புதன்கிழமைதான் அவளுக்குக் கொழும்பில் ஐந்தாவது வழக்குத் தவணை. போகாவிட்டால் அவள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். கந்தோருக்குப் போன் எடுத்து வேறு நாள் கேட்டாள். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவராவது வரலாம்தானே என்றார்கள்.

முதலில் பரமலிங்கத்திடம் போனாள். ஊரிலேயே மோசமாகப் பிளந்தது அவருடைய கிணறு.

"அவர் துணுக்காய்க்குப் போயிட்டார்," என்றாள் மனைவி அன்னபாக்கியம். வாழைக்குள் இருமல் கேட்டது.

"அண்ணை, நான் தபால்காரன் இல்லை. வெளியில வாங்கோ."

பரமலிங்கம் சாரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"இது வழக்கில்லை அண்ணை. நாங்கள் கேட்ட விசாரணை. நீங்கள் போய் உங்கட கிணத்தைப் பற்றிச் சொன்னாக் காணும்."

"உனக்கும் முதல்ல கடுதாசிதானே வந்தது, தங்கச்சி?"

"அது கொம்பனிக்காரன்ர. இது அரசாங்கத்தின்ர."

"முத்திரை ஒரே மாதிரித்தான் கிடக்கு."

"முறைப்பாட்டில கையெழுத்து வைச்சனீங்கள்தானே?"

"வைச்சனான். கண்ணாடி போடாமல் வைச்சனான்."

மற்றப் படலைகளையும் தட்டினாள். தேத்தண்ணி மட்டும் எல்லா வீட்டிலும் கிடைத்தது.

புதன்கிழமை கொழும்பில் கொம்பனியின் சட்டத்தரணி எழுந்து இன்னொரு தவணை கேட்டார். கொடுத்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் பஸ்ஸுக்கு நின்றபோது பரமலிங்கம் போன் எடுத்தார்.

"தங்கச்சி, பைலை மூடிப்போட்டாங்களாம். ஒருத்தரும் வரேல்லையாம். வவுனியா கிட்டத்தானே, நீயாவது போயிருக்கலாம்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"கிணத்தில தண்ணி நிக்குதோ அண்ணை?"

"எங்க நிக்கிறது, இண்டைக்கும் மூண்டு தரம் வெடி வைச்சவங்கள். அதுக்குத்தான் எடுத்தனான். நீ இன்னொருக்கா எழுதன் பிள்ளை, நாங்கள் எல்லாரும் கையெழுத்து வைக்கிறம்."

அவர் இன்னும் கதைத்துக்கொண்டிருக்க, வவுனியா பஸ் வந்தது. இருக்க இடமில்லை.