அறுபத்து மூன்றாம் பக்கம்

வேதியியல் டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் அமிலம் சீறித் தெறித்தது. மாணவி ஒருத்தி பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்தபடியே அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றியிருந்தாள். டீச்சர் அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் இருபது நிமிடம் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் ஒரு தழும்போடு போயிற்று.

தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது என்று போன வாரமே சொல்லியிருந்தார்.

"புக்ல அச்சாகியிருந்துச்சே மிஸ்," என்றாள் மாணவி. டீச்சர் புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார்.

அன்று மாலையே பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கூடவே புது வெளியீடுகளின் விலைப்பட்டியலும். டீச்சர் அறுபத்து மூன்றாம் பக்கத்தை நகலெடுத்து, தவறான வரியைச் சிவப்பு மையால் சுழித்து, நாற்பது பள்ளிகளுக்கு அனுப்பினார். எட்டாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றி ஒரு முழுப் பக்கத்தை நகலெடுத்தது பதிப்புரிமை மீறல். வேண்டுமானால் படிவம் நிரப்பி அனுமதி கேட்கலாம்.

படிவத்தில் 'பயன்பாட்டின் நோக்கம்' என்றொரு கட்டம் இருந்தது. 'இது தவறு என்று சொல்ல' என்று நிரப்பினார். நூலின் நோக்கத்தோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நோட்டீஸை இரண்டு முறை படித்தார்.

"பிரேக்னு போட வேண்டிய எடத்துல ஆக்சிலரேட்டர்னு அச்சடிச்சுட்டு, அதையும் யாருக்கும் காட்டக் கூடாதும்பானுங்களா?"

"அப்படித்தாங்க சட்டம் இருக்கு."

"வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டியே. சரி, பக்கத்தக் காட்டாத. நம்பர மட்டும் சொல்லு."

டீச்சர் அப்படியே செய்தார். 'அறுபத்து மூன்றாம் பக்கத்தில் உள்ளதைச் செய்யாதீர்கள்' என்று நாற்பது பள்ளிகளுக்கும் ஒரு வரி எழுதினார். பழைய பதிப்பில் அதே பக்கத்தில், சோதனை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றிருந்தது. பழைய பதிப்பையே வைத்திருந்த இரண்டு பள்ளிகளில் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றக் குழு ஒன்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நியாயமான பயன்பாட்டுக்கு அனுமதி தேவையில்லை என்று ஒரு பிரிவு சேர்க்கலாமா என்பது கேள்வி. டீச்சர் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார். குழுவின் தலைவி அரசியலுக்கு வருமுன் மாட்டு டாக்டராக இருந்தவர். எதிர் மேசையில் நோட்டீஸ் அனுப்பிய அதே வக்கீல்.

டீச்சர் பக்கத்தைத் திரையில் காட்டப் போனதும் வக்கீல் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். திரையில போட்டா அது பொதுவுல காட்டுறது. அனுமதி வேணும்."

"கேட்டேன் சார். மறுத்துட்டீங்க."

"மறுக்கிறதும் எங்க உரிமைதானேம்மா."

"அப்ப நாங்க எப்படிப் பாக்குறது?" என்றார் தலைவி.

"உறுப்பினர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கலாம்."

உறுப்பினர்கள் ஒன்பது பேர். உதவியாளர் கடைக்குப் போய் அரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். கையிருப்பு இல்லையாம்.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வக்கீல் சார், உரிமை உங்க கட்சிக்காரரோடதுதானே? நீங்களே படிங்க."

வக்கீல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, நல்ல உச்சரிப்போடு அந்த வரியைப் படித்தார்.

"இதுல என்ன தப்பு?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"அதச் சொல்லத்தான் அந்தம்மா ஒரு வருஷமா அலையுறாங்க," என்றார் தலைவி.

டீச்சர் சொன்னார். குழாயடியில் நின்ற இருபது நிமிடத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. வக்கீல் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றார் டீச்சர். ஆட்சேபணையை வக்கீல் திரும்பப் பெறவில்லை.

பதினான்கு மாதம் கழித்துத் திருத்தம் நிறைவேறியது. விமர்சிக்கவோ, கற்பிக்கவோ, எச்சரிக்கவோ, பிறர் எழுத்தைத் தேவையான அளவு அனுமதியின்றி எடுத்துக் காட்டலாம். டீச்சர் மறுபடியும் முழுப் பக்கத்தையும் அனுப்பினார். அது தேவையான அளவைவிட அதிகம் என்று வக்கீல் எழுதினார். டீச்சருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வரியை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பினார். அதற்குக் கடிதம் வரவில்லை. அடுத்த பதிப்பில் வரி திருந்தியிருந்தது.

ஆனால் மற்ற கடிதங்கள் வரத் தொடங்கின. சட்டம் மாறியது தெரிந்ததும் ஆசிரியர்கள் அவரவர் பாடப்புத்தகப் பக்கங்களை அவருக்கு அனுப்பினார்கள். ஒரு கணக்குப் புத்தகத்தில் முக்கோணத்துக்கு நான்கு கோணங்கள். ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் மன்னர் பிறப்பதற்கு ஆறு ஆண்டு முன்பே இறந்திருந்தார்.

"வரலாறு உன் பாடமே இல்லையே," என்றார் கணவர், நாற்காலியிலிருந்த கடிதக் கட்டைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்தபடி.

"பொறந்துட்டுத்தாங்க சாகணும். இதுக்கு வரலாறு தெரிய வேணாம்," என்று சொல்லி டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.