ரேடியோவுக்கு ஒரு ஜரிகை உறை

டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கண்டுபிடித்தவன் மட்டும் அந்தச் சனிக்கிழமை என் கையில் கிடைத்திருந்தால், நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். ஏனய்யா, இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் உலகத்தையே அடைத்தாயே, எங்கே கோளாறு என்று சொல்ல ஒரு வழி வைத்தாயா?

கோளாறு எங்கே என்று மிஷினே சொல்வது எனக்குப் பழகிவிட்டது. 1972ல் நான் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஹால் முழுக்க வரிசையாக நிற்கும் இரும்பு பீரோக்கள். ஏ.சி. அதற்குத்தான், கூட இருப்பதால் எங்களுக்கும் கொஞ்சம் காற்று. அட்டைகளில் துளை போட்டு உள்ளே அனுப்பினால், வேலையை முடித்துத் தாளில் அடித்துத் தள்ளும். நான் தப்பு செய்திருந்தால் எத்தனையாவது அட்டை என்று நம்பரோடு சொல்லும். அந்த நேர்மைக்காகவே நான் அதைக் கும்பிடுவேன். வீட்டுச் சாமான்களுக்கு அந்தக் குணம் கிடையாது. இஸ்திரிப் பெட்டி சொல்லாமல் சுடும், பம்ப் ஸ்டவ் சொல்லாமல் அணையும்.

ஆனாலும் ரேடியோ வாங்கிய நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. தபாலாபீஸில் லைசென்ஸ் எடுத்து, சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு அலமாரியில் வைத்து, திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, கொழும்பு வருகிறதா, திருச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முள் நகர நகர ஒரு ஊர் போய் இன்னொரு ஊர் வருவது எப்படி என்று யோசித்தால் சோறு இறங்காது. "ஆபீஸ்லயும் மிஷினு, வூட்லயும் மிஷினு" என்று என் மனைவி அம்சவேணி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான் வாரம் முழுக்க சென்னையில் ஒரு லாட்ஜில் இருந்துவிட்டு சனிக்கிழமை மதியம்தான் வீடு வருவேன். எங்களுடையது பெரியவர்கள் சம்மதிக்காத கல்யாணம். நான் மாகறலில் பயிர் வைக்கும் குடும்பம். அவள் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் தர்மனுடைய ஒரே பெண். "அட்டைல ஓட்ட போடறவனுக்கா எம் பொண்ணு?" என்று கேட்டவர், ரிஜிஸ்திரார் ஆபீஸில் நாங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருஷம். தெருவில் எதிரே பார்த்தால்கூட மறுபக்கம் போய்விடுவார். மாமியார் மணியம்மாள் மட்டும் கோயிலுக்குப் போகிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

அப்படி இருக்கையில் அம்சவேணி சென்னை வானொலியின் மாதர் நிகழ்ச்சிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பட்டுப் புடவையைப் பாதுகாப்பது எப்படி என்று ஐந்து நிமிஷம் பேசத் தயார் என்று. கூப்பிட்டுவிட்டார்கள். நானும் கூடப் போனேன். பதிவு செய்து அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு ஒலிபரப்பு என்று தபால் வந்தது. மாமியார் அதை மாமனாரிடம் சொன்னாளாம். அவரோ, ரேடியோ எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்று அளந்துவரச் சொன்னாராம்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை ஒரு உறை வந்து சேர்ந்தது. அவரே நெய்தது. குறுக்கே ஓடும் ஊடை நூல் முழுக்க ஜரிகை. அடியில் பட்டு இருக்கிறதா என்று தேட வேண்டும். முள்ளும் திருகும் தெரிய இரண்டு ஓட்டை, ஸ்பீக்கருக்கு நேரே மெல்லிய வலைத்துணி, பின்னால் வரிசையாக மூன்று பிரஸ் பட்டன். கூடவே ஒரு சேதி. "ஞாயித்துக்கெழம அவுரும் வராரும்மா, கேக்கறதுக்கு" என்று மணியம்மாள் சொன்னாள். அம்சவேணி அந்த உறையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாளாம். இதெல்லாம் நான் சென்னையில் இருந்தபோது நடந்தது.

சனிக்கிழமை மதியம் நான் வந்து ரேடியோவைப் போட்டேன். கிணற்றுக்குள் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"எப்போலேர்ந்து இப்பிடி?"

"வியாழக்கெழமலேர்ந்துங்க. அன்னிக்குத்தான் தெருமொனைல புச்சா டிரான்ஸ்ஃபார்மர் வெச்சாங்க" என்றாள் அம்சவேணி.

போதாதா எனக்கு? குற்றவாளி கிடைத்துவிட்டான். ஆனால் ஆபீஸில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு: சந்தேகப்பட்டால் போதாது, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து நிரூபிக்க வேண்டும். ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போட்டேன். பேட்டரி செல்களை மாற்றினேன். அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு மாற்றினேன். கிழக்கே திருப்பினேன், மேற்கே திருப்பினேன், பரண்மேல் ஏற்றினேன். முனகல் முனகலாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் செல்லை மாட்டி முடித்ததும் அம்சவேணி வாங்கி, துடைத்து, உறையைப் போட்டு, மூன்று பட்டனையும் அழுத்தி, அதன் பிறகுதான் என் கையில் கொடுப்பாள். "எண்ணெக் கையோட தொடாதீங்க, ஜரிக கறுத்துடும்" என்பாள்.

கடைசியில் ரேடியோவை வெறும் துணிப்பையில் போட்டு, ராஜவீதிக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்யும் சிட்டிபாபுவிடம் கொண்டுபோனேன். உறையை அம்சவேணி வீட்டை விட்டு வெளியே விடவில்லை. கடைப்புழுதியில் அது என்னத்துக்கு ஆகும்?

சிட்டிபாபு திருகினான். கடை அதிரப் பாட்டு வந்தது.

"இன்னா சார், வெளயாட்றியா? சோக்கா பாடிக்கினு இருக்குது."

திரும்பி வந்தேன். அம்சவேணி வாங்கி உறை போட்டாள். முனகல். மறுபடி கடைக்குப் போனேன். பாட்டு. மறுபடி வீடு. முனகல். மூன்றாவது தடவை சிட்டிபாபு ரேடியோவை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தான். "சார், ரேடியோ நல்லாருக்குது. ஒன் வூட்ல இன்னாவோ இருக்குது" என்றான். அவன் காத்து கருப்பைச் சொன்னான். எனக்கு டிரான்ஸ்ஃபார்மர் மேலிருந்த சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அந்தப் பட்டியலில் பதினோரு வரி எழுதியிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. செல், திசை, உயரம், சுவர், மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், வானிலைகூட இருந்தது. உறை இல்லை. அது மாமனார் கொடுத்த பரிசு. ரேடியோவில் ஒரு பாகம் என்று என் மண்டைக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை அம்சவேணி சமையலறையில் ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். "எதிர்வூட்டு ரேடியோவ ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி வரட்டுமா?" என்றேன்.

"அவுரு உறை நெய்ஞ்சது இந்த ரேடியோவுக்கு. வேற ரேடியோவப் பாத்தா, நம்ம குடுத்தத ஒதுக்கி வெச்சிட்டாங்கன்னு எழுந்து போயிடுவாரு. ரெண்டு வருசங் கழிச்சி வராருங்க. இன்னொரு வாட்டி வருவாரா?"



பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். மாமனார் செருப்பை வாசலில் விட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்து, ரேடியோவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அம்சவேணி தண்ணீரை மாமியாரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் ரேடியோவைப் போட்டேன். முனகல். அப்படித் திருப்பினேன், இப்படித் திருப்பினேன். மணி பன்னிரண்டு பதினேழு.

மாமனார் மாமியாரைப் பார்த்து, "இன்னா, மக்கர் பண்ணுதா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. பிறகு அவர் கண் உறையில் நின்றது. நான் திருப்பிய திருப்பில் அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக இருந்தது. நெசவுக்காரர் கண்ணுக்கு அது பொறுக்குமா? ரேடியோ பேசாதது அவருக்குப் பெரிதில்லை. கரை கோணியது பெரிது. எழுந்து வந்து ரேடியோவைத் தூக்கி, "யாரு மாட்டனது இத்த?" என்று முணுமுணுத்தபடி பின்னால் ஒவ்வொரு பட்டனாக எடுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

வயலின் பீறிட்டுக்கொண்டு வந்தது.

அவர் பயந்துபோய் ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு உறையை நேராக்கி ஒரு பட்டனை அழுத்தினார். வயலின் செத்தது. எடுத்தார். உயிர் வந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. ஐயோ, என்ன ஒரு சந்தோஷம்! இரண்டு நாள் படாத பாடு படுத்திய தப்பு கண்ணெதிரே அகப்பட்டால் ஒருத்தன் எப்படிக் குதிப்பானோ, அப்படிக் குதிக்க இருந்தேன். அடுத்த நொடியே குதிப்பை அடக்கிக்கொண்டேன். தப்பு இருந்தது அவர் நெய்த உறையில்.

"ஏன் இப்பிடிப் பண்ணுது?" என்றார். இந்த முறை நேராக என்னைப் பார்த்து.

பேட்டரி லூஸ் என்று சொல்லியிருக்கலாம். உறையைத் திறந்தபடி விட்டால் காரியம் முடிந்தது. கதவு இடுக்கில் அம்சவேணி கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் மிஷின் விஷயத்தில் எனக்குப் பொய் வராது. அது ஒரு வியாதி.

"உறைதான் மாமா காரணம். ரேடியோ அலைய வாங்கறதுக்கு உள்ள ஒரு கம்பி சுத்தின குச்சி இருக்குது. நீங்க நெய்ஞ்ச ஜரிக அத்தச் சுத்தி வளையம் போட்ட மாதிரி நிக்குது. பட்டன் போட்டா வளையம் மூடிக்குது. அலை உள்ள வர்றதில்ல."

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் உறையை முழுக்கக் கழற்றி மடியில் விரித்தார். கட்டைவிரலால் ஜரிகையைத் தடவினார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மத்த துணியா இருந்தா?"

"ஒண்ணும் ஆவாது மாமா. பஞ்சு, பட்டு எது போட்டாலும் பேசும்."

"அப்போ இது அசல் வெள்ளி ஜரிகன்னு ரேடியோவே சொல்லுது."

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "வெள்ளின்னு இல்ல மாமா, செம்பா இருந்தாலும் அப்பிடித்தான் பண்ணும்" என்றேன். கதவுக்குப் பின்னால் பாத்திரம் ஒன்று டங்கென்று விழுந்தது.

"செம்பு எங்கேர்ந்து வந்துச்சி? சூரத்து வெள்ளி. நானே ஒரசிப் பாத்து வாங்கனது" என்று அதட்டினார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. பொம்மை கிடைத்த குழந்தையின் முகமாக இருந்தது. உறையை மறுபடி மாட்டினார். மூடினார், திறந்தார். நடுப் பட்டனை மட்டும் போட்டார். ஓரப் பட்டனை மட்டும் போட்டார். பட்டன் போடாமல் இரண்டு விளிம்பையும் விரலால் சேர்த்துப் பிடித்தார். ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்து, "இதுக்கு?" என்பார். நானும் அவரோடு தலையை ஒட்டிக்கொண்டு, "விளிம்பு தொட்டாலே போதும் மாமா, பாருங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் நேரம் போனது தெரியவில்லை.

"பன்னெண்டர ஆவுது!" என்று சமையலறையிலிருந்து ஒரு கத்தல்.

சட்டென்று உறையைக் கழற்றினோம். மாமனார் ரேடியோவை மடியிலேயே வைத்துக்கொண்டார். மணியோசை வந்தது. அடுத்து ஒரு பெண்குரல், காஞ்சிபுரம் அம்சவேணி பேசுகிறார் என்று அறிவித்தது.

அவள் குரல் சுத்தமான எழுத்துத் தமிழில் வந்தது. பட்டுத் துணியை வெயிலில் காயப்போடக் கூடாது, பாச்சை உருண்டையை ஜரிகைமேல் வைக்கக் கூடாது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். மாமனார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது, துடைக்கவில்லை.

"பட்டுப் புடவையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து வைக்க வேண்டும்" என்றது ரேடியோ.

"ஆறு மாசமா!" அவர் ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். "மடிப்புல ஜரிக ஒடிஞ்சி பூடும். மூணு மாசம்னு சொல்லு!"

"நீதான் நைனா ஆறு மாசம்னு சொன்ன" என்றாள் அம்சவேணி கதவுக்குப் பின்னாலிருந்து.

"நான் எப்போ சொன்னேன்?"

"அம்மாவோட முகூர்த்தப் பொடவைய மடிக்கக்குள்ள சொன்ன. எனக்கு ஞாபகம் இருக்குது."

"அது அந்தக் காலத்து ஜரிக. கெட்டியா இருக்கும், தாங்கும். இப்போ வர்றது அப்பிடி இல்லம்மா." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. மெதுவாகத் திரும்பினார். அம்சவேணி கதவைத் தாண்டி வெளியே வந்து நின்றிருந்தாள், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு.

பிறகு அவர் மடியிலிருந்த ரேடியோவை எடுத்து, என் பக்கம் பார்க்காமலே நீட்டினார்.

"இங்க வந்து குந்து. வெவரமா சொல்றேன்" என்றார் மகளிடம்.

அவள் போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். என் கையில் ரேடியோ இன்னும் அவள் குரலில் பேசிக்கொண்டே இருந்தது. கேட்பவர் யாரும் இல்லை. நான் திருகைத் திருப்பி அணைத்தேன்.