மூக்கு வைக்கக் கூடாத செடி

எங்கள் லிஸ்பனில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்: ஜூன் மாதத்துத் திருநீற்றுப்பச்சிலைச் செடியில் மூக்கை வைக்கக் கூடாது. உள்ளங்கையால் அதன் தலையைத் தடவி, கையைத்தான் முகர வேண்டும். மூக்குப் பட்டால் செடி வாடிவிடும். தெரிந்தும் நான் மூக்கை வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

காரணம் என் தம்பி ஒராசியு. வயது ஐம்பத்தேழு. டிராம் ஓட்டுகிறான். அந்தோனியார் திருவிழா வந்துவிட்டால் அல்ஃபாமா சந்தில் என் வாசலில் கரி அடுப்பை மூட்டி மத்தி மீன் சுட்டு விற்பான். நான் உப்புப் போட்டுக் கொடுத்து, வெந்ததை ரொட்டிமேல் வைத்து நீட்டுவேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பத்தொன்பது வருடமாக இதே ஏற்பாடு. ஒரே வீடு, ஒரே சூப்புப் பானை, ஒரே சண்டை.

திருவிழாவுக்கு முதல் நாள் கையில் ஒரு சட்டியோடு வந்து நின்றான். பந்தாக உருண்ட செடி, காகிதப் பூ, குச்சியில் சின்னக் கொடி. கொடியில் வழக்கமாக அச்சடித்திருக்கும் நாலு வரிப் பாட்டை அடித்துவிட்டுச் சொந்தமாக ஏதோ கிறுக்கியிருந்தான்.

"யாருக்குடா இது?"

"தியோலிண்டாவுக்கு."

படிக்கட்டு முனையில் ஜன்னலைத் திறந்துவைத்துச் செர்ரிப் பழ மது விற்கிறவள். அந்தோனியார் திருவிழாவில் ஒருத்தியிடம் இந்தச் செடியை நீட்டினால், 'என்னைக் கட்டிக்கிறாயா' என்று கேட்டதாகத்தான் அர்த்தம்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குடா இந்த ஆசை?"

"இந்த வயசாயிடுச்சுன்னுதான்க்கா. இதுக்கு மேல தள்ளிப் போட முடியாது."

அவளுக்கு ஆற்றுக்கு அக்கரையில் சொந்த வீடு இருக்கிறது. கல்யாணமானால் இவன் படகேறிப் போய்விடுவான். அப்புறம் நான் யாரோடு உட்கார்ந்து சூப்புக் குடிப்பது? விடிந்ததும், அவன் சட்டியை வைத்திருந்த ஜன்னலருகே போனேன். செடியில் முகத்தையே புதைத்து இழுத்தேன். நல்ல வாசனைதான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் பார்த்தால் செடி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. மத்தியான வெயில் பட்டிருக்கலாம். ஆனாலும் அவசரமாக ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன்.

ஒராசியுவும் பார்த்தான். "அந்தோனியாருக்கே இஷ்டமில்ல போல. விடுக்கா" என்று சட்டியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு அடுப்பை விசிறினான். அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். மீனைத் திருப்பும்போது எப்போதும் பாடுகிறவன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

வரிசை படிக்கட்டு வரை நீண்டது. அதில் தியோலிண்டாவும் நின்றாள்.

"இல்டா அம்மா, ரெண்டு மீன். முள்ளு கம்மியா இருக்கறதாப் பாத்துக் குடுங்க."

"முள்ளு வேணாம்னா கடையில டப்பா மீன் விக்கிறான், போய் வாங்கிக்கம்மா."

அவள் சிரித்துவிட்டு அவனிடம் திரும்பினாள். "என்ன ஒராசியு, மூஞ்சி இப்படி இருக்கு? டிராமை யார் மேலயாவது ஏத்திட்டீங்களா?"

அவன் மீனைப் பார்த்துத் தலையாட்டினான். அந்தக் குனிந்த பிடரியைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மேசைக்கடியில் கையை விட்டுச் சட்டியை இழுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது உனக்குன்னு வாங்கினான். நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் மூக்க வெச்சேன். வேணும்னேதான் வெச்சேன். அவன் மேல தப்பில்ல."

"அடிப்பாவி இல்டா!" என்றார் எதிர்வீட்டு முடிதிருத்துகிறவர்.

தியோலிண்டா கொடியைப் பிரித்து உரக்கப் படித்தாள்:

"எனக்கு மீன் சுடத் தெரியும்.
பேசத் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை
சும்மாதான் இருக்கிறேன்."

சந்தே சிரித்தது. ஒராசியுவின் காது கரித்தணலைவிடச் சிவந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சட்டியை இரண்டு கையாலும் தூக்கி, அத்தனை பேர் பார்க்க, மூக்கைச் செடிக்குள் புதைத்து ஆழமாக இழுத்தாள்.

"வாடினது வாடிடுச்சு. இன்னொரு மூக்கால என்ன கெட்டுடப் போகுது?"

சட்டியை மேசைமேல் வைத்தாள். சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள்.

"அப்படின்னா... நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான் அந்த மரமண்டை.

அவள் அவன் கையிலிருந்து இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கரைக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன்னு பயந்துட்டீங்களா? அங்க கடல்காக்காவைத் தவிர யாரு இருக்கா? நாளைக்கு சூப்புல கொஞ்சம் தண்ணி கூட ஊத்துங்க, நாத்தனாரே. இப்ப உப்ப எடுங்க, மீன் கருகுது."

எடுத்தேன். பத்தொன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் ஒரே மீனுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஒருத்தரும் குறை சொல்லவில்லை.