ஏழாம் வானத்துச் சேவுகன்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அதுவும் தமிழ் பி.ஏ. அதை வைத்துக்கொண்டு காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பேருக்கு முன்னால் 'திருநிறைச்செல்வன்' சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மூன்று வருஷப் படிப்பு.

எழுபத்தாறில் முதலாளி சேவுகன் செட்டியாரின் மகன் அழகப்பன் அமெரிக்காவில் ஒரு விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வீரனாகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் மாறி, அந்த ஆளாகவே பேசி ஆட வேண்டும். அதை நம் ஊருக்குத் தக்கபடி 'ஏழு வானம்' என்று பெட்டியில் போட்டுத் தீபாவளிக்கு விற்பதாக ஏற்பாடு. ஒவ்வொரு வானத்து வாசலிலும் ஒரு தேவன் நிற்பான். அவனைப் பேர் சொல்லி, சாமியைக் கூப்பிடுவதுபோல ஒருமையில் உரக்கக் கூப்பிட்டால் வாசல் திறக்கும். கூப்பிட முடியாதவர்கள் தங்கள் ஆட்ட உயிர்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அரக்கியை அழைக்கலாம். அவள் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவருக்கு அந்தப்பக்கம் விடுவாள்.

தேவர்களுக்குப் பேர் வைக்கிற வேலை எனக்கு வந்தது. முகிலரசன், மின்னற்கொடியோன், வைகறைவேந்தன் என்று ஏழு பேர் எழுதிக் கொடுத்தேன்.

முதலாளி படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவுகள்லாம் யாரு? ஒருத்தருக்காச்சும் தெரியுமா? நம்ம முன்னோரு பேரைப் போடு. வானத்துல நிக்கத் தகுதி உள்ளவுக."

அவர்கள் வீட்டில் தாத்தா பேர் பேரனுக்கு. ஆகவே ஏழு தலைமுறைக்கும் சேர்த்து இரண்டே பேர்.

"முதலாளி, சேவுகன், அழகப்பன், மறுபடியும் சேவுகன்னு மாத்தி மாத்தி வருது."

"நம்பர் போட்டுக்க. இங்கிலாந்து ராசாவுக்குப் போடலையா?"

ஏழாம் வானத்தில் அவரே நின்றார்.

"அரக்கிக்கு?" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. "கருப்பின்னு போடு."

கருப்பி என் அம்மா. பள்ளத்தூரில் அவர்களுடைய பெரிய வீட்டில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பாத்திரம் தேய்க்கிறாள். இது அவருக்குத் தெரியும். என்னை வேலைக்குச் சேர்த்தபோது நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டவரே அவர்தான்.

"அது எங்கம்மா பேரு."

"ஊருல எத்தனையோ கருப்பி."

"ஊருல சேவுகனும் எத்தனையோ பேரு இருக்காக, முதலாளி. அரக்கனாப் போட்டுருவமா?"

அவர் முகம் இறுகியது. "ஞாயித்துக்கிழமை வீட்டுல ஆடிப் பாப்போம். மறுநா நீ புரூப்புல கையெழுத்துப் போடுற. இல்லன்னா வேற வேலை பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் வீட்டின் இரண்டாங்கட்டில், உள்முற்றத்தில், அட்டையை விரித்தோம். முதலாளியின் மனைவி சிகப்பி ஆச்சி மாவீரன். மருமகள் நாகவல்லி மந்திரவாதி. ஆட்டத்தை நடத்துகிறவள் நான். முதலாளி வீட்டு முகப்பில், அச்சகத்துக்குக் காகிதம் தரும் பேப்பர் ஏஜென்ட்டோடு பேசிக்கொண்டிருந்தார்.

முதல் வாசலில் சேவுகன் நின்றான். ஆச்சி முழங்கையில் வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நான் மாவீரன் வந்துருக்கேன். வாசலைத் தொறங்க!"

"பேரைச் சொல்லணும் ஆச்சி."

"அவுகதான்."

"எவுக?"

"ஏன்டி, தெரியாத மாதிரி கேக்குற! முகப்புல இருக்காகள்ல, அவுக பேரு."

"அவுகன்னு ஒரு தேவன் இல்ல ஆச்சி."

நாகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் திறக்க வேண்டிய அடுத்த வாசலில் அழகப்பன் நின்றான். சிரிப்பு நின்றது. கட்டியவன் பேரை எப்படிச் சொல்வாள்? ஆச்சியும் உதவ முடியாது. அது மாமனார் பேர் என்பதால் பெற்ற மகனையே அவர் இத்தனை காலம் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டு வருகிறார். வானம் முழுக்க வாயில் வராத பேர்கள். எங்கே திரும்பினாலும் புருஷன், மாமனார், மாமனாரின் அப்பா.

"சரி, அரக்கியக் கூப்பிடுறேன்" என்றார் ஆச்சி. அந்தப் பேர் மட்டும் தாராளமாக வந்தது. "ஏய் கருப்பி!"

கொல்லையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். கை நிறையச் சாம்பல். "கூப்பிட்டீகளா ஆச்சி?"

"ஒன்னய இல்லடி. இது ஆட்டத்துக் கருப்பி. போ."

போனாள். மந்திரவாதி கூப்பிட்டாள். மறுபடி வந்தாள், மறுபடி போனாள். மூன்றாவது தடவை வந்தவள் போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுக் குனிந்து அரக்கியின் சீட்டைப் பார்த்தாள். கோரைப்பல், தொங்கிய நாக்கு, தலைவிரி கோலம்.

"இது யாரு?"

மாவீரன் கூரையைப் பார்த்தார்.

"நீ சொல்லு ஆத்தா. நீதான படிச்சவ."

"அரக்கி. பேரு கருப்பி. முதலாளி வச்சது."

"என்ன செய்வா?"

"எல்லாரையும் தூக்கிச் சுமப்பா."

"கூலி?"

"கெடையாது."

"அப்ப நாந்தான்." அவள் விரல் அட்டையின் உச்சிக்குப் போனது. அங்கே கிரீடமும் ரோஸ் கன்னமுமாக ஒருவன். "இவன்?"

"ஏழாம் வானத்துத் தேவன். சேவுகன்."

"வாசலைத் தொறக்க மாட்டானாமா?"

"பேரைச் சொல்லி, ஒருமையில, சத்தமாக் கூப்பிட்டாத் தொறப்பான்." விதியை அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னேன்.

அம்மா நிமிர்ந்தாள். கொல்லையிலிருந்து தெருவரைக்கும் கேட்கிற தொண்டை அவளுக்கு.

"அடேய் சேவுகா! கதவைத் தொறடா!"

முகப்பில் பேச்சு நின்றது. ஆச்சி காதைப் பொத்திக்கொண்டார். முதலாளி வேகமாக உள்ளே வந்தார். பின்னாலேயே ஏஜென்ட், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"எவ அவ?"

"ஆட்டம் முதலாளி" என்றாள் அம்மா. "தொறந்துருச்சு."

ஏஜென்ட் அட்டையை எட்டிப் பார்த்தார். "சோக்கா இருக்கே! எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு ரெண்டு பெட்டி எடுத்து வைங்க. நாள் பூரா இதையே சொல்லிக் கத்திக்கிட்டுக் கெடக்கும்."

"மதுரைக்கும் திருச்சிக்கும் பெட்டி போகுது" என்றேன் நான். "தெருவுக்குத் தெரு கூப்பிடுவாக, முதலாளி."

அவர் என்னையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். முகப்புக்குப் போனார்.

திங்கட்கிழமை என் மேசைக்கே வந்தார். "தேவருக பேரை எடுத்துரு. நீ எழுதுன பேரையே போடு."

"அரக்கி பேரு?"

"அது இருந்துட்டுப் போகுது."

"அப்ப ரெண்டும் இருக்கட்டும். பழைய புரூப்புலயே கையெழுத்துப் போடுறேன்." பேனாவைத் திறந்தேன்.

"எடுத்துத் தொலை!"

தீபாவளிக்குப் பெட்டி வந்தது. வாசல்களில் முகிலரசன் வகையறா. அரக்கிக்குப் பேரே இல்லை.

அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று ஊர் கேட்கும். பதில் சொல்ல ஆச்சி, அம்மா கத்திய அந்தப் பேரைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளைக் கருப்பி என்று கூப்பிடுவதில்லை. 'இந்தாம்மா, கொஞ்சம் இங்குட்டு வா' என்கிறார்கள். திருப்பிக் கூப்பிட்டுவிடுவாளோ என்ற பயம்தான்.

ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவிடம் சொன்னேன். கைச் சாம்பலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அந்த அரக்கி இன்னமும் சும்மாதான் சொமக்குறாளா?"