பதிவில் இல்லாதவர்கள்

ஹம்சா துஷாந்தனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்ன அன்றே, அவரை லண்டன் போலீஸ் எப்போது கைது செய்தது என்று என் கணவர் தேட ஆரம்பித்தார். கைது செய்ததா என்றல்ல. எப்போது என்று.

ஹம்சா என் தங்கை. விவாகரத்தானவள், பல் மருத்துவர். துஷாந்தன் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் எலெக்ட்ரீஷியன், யாழ்ப்பாணத்துக்காரர். இந்த இரண்டு விவரமே என் கணவர் சேஷாத்ரிக்குப் போதுமான சாட்சியம். அவர் வங்கியில் இடர் மதிப்பீட்டுத் துறையில் இருக்கிறார். ஆதாரம் மட்டும்தான் பாக்கி. அது கிடைத்தால் கல்யாணத்தை நிறுத்திவிடலாம்.

"அமெரிக்காவுல பேரைத் தட்டினா போட்டோவோட வந்துடும், ராஜி. இங்கேயும் ஏதாவது இருக்கும்."

இல்லை. பணம் வாங்கிக்கொண்ட ஓர் இணையதளம், டெக்சாஸில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒரு வெள்ளைக்காரரைக் காட்டியது. "மூக்கு கொஞ்சம் அந்த மாதிரிதான் இருக்கு" என்று அதையும் சேமித்து வைத்துக்கொண்டார். இந்த நாட்டில் ஒருவர் கைதான விவரத்தை மற்றவர்கள் எடுத்துப் பார்க்க முடியாது. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால் போய் உட்கார்ந்து கேட்கலாம். குற்றப் பதிவுச் சான்றிதழ் வேண்டுமென்றால் அவரவர்தான் தமக்கு விண்ணப்பிக்க வேண்டும். துஷாந்தனிடம் அதைக் கேட்பது அநாகரிகம் என்று சேஷாத்ரி கருதினார். முதுகுக்குப் பின்னால் துழாவுவது நாகரிகம்.

கடைசியில் கிளேர் சட்டம் அகப்பட்டது. ஒருவன் துணையை அடித்துத் துன்புறுத்திய வரலாறு உள்ளவனா என்று போலீஸிடம் கேட்கும் உரிமை. உறவினர்களும் கேட்கலாம்.

"நீயே கேளு. பொம்மனாட்டி கேட்டா உருக்கமா இருக்கும்."

கேட்டேன். தங்கை மேல் உள்ள அக்கறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சு ஓய்ந்தால் போதும் என்றிருந்தது. என்னுடைய அக்கறைகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

யார் கேட்டாலும் தகவல் சம்பந்தப்பட்ட பெண்ணுக்குத்தான் போகும் என்ற வரியைச் சேஷாத்ரி படிக்கவில்லை. நான் படித்திருந்தேன். சொல்லவில்லை.

போலீஸ் ஹம்சாவை அழைத்தது. அவள் அங்கிருந்து நேரே ஹரோவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே துஷாந்தனும். செருப்பைக் கழற்றிக்கொண்டே சேஷாத்ரியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னட்டயே கேட்டிருக்கலாமே, அண்ணை. நானே எடுத்துத் தந்திருப்பன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

சேஷாத்ரி அவருக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு ஹம்சாவிடம் திரும்பினார். "என்ன சொன்னா?"

"அது எனக்கு மட்டும், அத்திம்பேர். வெளியில சொல்லக் கூடாதாம். கல்யாணத் தேதி மாறலை. அவ்வளவுதான் உங்களுக்கு."

"அப்போ ஒண்ணும் இல்லேங்கிறியா?"

"ஒண்ணும் இல்லாதவா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியுமே. விஷால் மேல ஒரு பதிவாவது உண்டா?"

விஷால் அவளுடைய முதல் கணவன். சேஷாத்ரியின் சித்தி மகன். ஜாதகம், சம்பளம், இரண்டு தலைமுறை என்று எல்லாம் விசாரித்து அவரே கொண்டுவந்த வரன். இப்போது சட்டன் என்ற ஊரில் இன்னொரு மனைவியோடு இருக்கிறான்.

"அவன் என் கையை உடைச்சப்போ, 'போலீஸெல்லாம் வேண்டாம், நம்ம பையன்'னு சொன்னது நீங்கதானே? நாளைக்கு அந்தப் பொண்ணு போலீஸ்ல போய்க் கேட்டா, ரொம்பச் சுத்தமான மனுஷன்னுதான் சொல்லுவா. அதான், போன இடத்துல நானே எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துட்டேன்."

சேஷாத்ரி உட்கார்ந்தார். பல வாரங்களாகத் தேடிய கைது கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது, அவருடைய குடும்பத்திலேயே. மனிதர் கொஞ்சம்கூடச் சந்தோஷப்படவில்லை.

"சித்திக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?"

"ஏன், பேரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கோ," என்றாள் ஹம்சா. துஷாந்தன் சட்டென்று எங்கள் வீட்டு மின்விளக்கை ஆராய ஆரம்பித்தார். பிறகு அவள் என்னிடம் திரும்பினாள். "அக்கா, போலீஸ்ல உன்கிட்டயும் பேசுவா. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு என்னோட நீதானே வந்தே. நீ இல்லேன்னா, நான் சொல்றது வெறும் கதை."

அதன்பின் எங்கள் வீட்டில் யாருக்கும் துஷாந்தனின் நினைவே வரவில்லை. போலீஸ்காரி தொலைபேசியில் அழைத்தபோது சேஷாத்ரி என் பக்கத்தில்தான் இருந்தார்.

"ஸ்பீக்கர்ல போடு. ஹம்சா படியில விழுந்துட்டான்னுதானே அப்பவே ஆஸ்பத்திரியில சொன்னோம்? அதையே சொல்லு. புதுசா ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம்."

பழைய பொய் அவருக்கு உண்மையின் அந்தஸ்தில் இருந்தது. எனக்கும் இத்தனை நாள் அது ஒன்றும் உறுத்தவில்லை என்பதுதான் விசித்திரம். உறுத்தாமல் பார்த்துக்கொள்ள நான் எவ்வளவு வேலை செய்திருக்கிறேன் என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. போனை ஸ்பீக்கரில் போடாமல் எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனேன். தனியாக இருக்கிறீர்களா, பேச முடியுமா என்று அவள் கேட்டாள். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சேஷாத்ரி விரலால் படி ஏறி இறங்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பேசலாம்," என்றேன். "முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அப்போது விஷாலும் ஹம்சாவும் இருந்தது தரைத்தள ஃபிளாட். அந்த வீட்டில் படியே கிடையாது."