எட்டுக் கிலோ

வலது தோளில் வலி குடிவந்து மாதக்கணக்காகிறது. வந்தது சும்மா இருப்பதில்லை. உள்ளே சட்டிபானையை உருட்டிக்கொண்டே இருக்கிறது. கார் கதவை இடது கையால் திறந்து இறங்குவதற்குள் அவர் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் தோளைக் காட்ட, மகள் தான் ஓட்டும் வாடகைக் காரிலேயே அழைத்துப் போகிறாள். அடிவாரத்து கேஸ் பங்கில் வண்டி நின்றதும் உள்ளே இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும் என்றார்கள். இறங்கினார்.

மூட்டை தூக்கும் இடத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். மூட்டை தோளில் ஏறியதும் எடையைச் சொல்லிவிடுவார். அரைக் கிலோ குறைந்தாலும் முதுகு காட்டிக்கொடுத்துவிடும். விறகு, கரிமூட்டை, டீசல் பீப்பாய் என்று ஊர் எரித்த அத்தனையையும் சுமந்த முதுகு. எரிகிற பொருள் என்றால் கனக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

மகள் டிக்கியைத் திறந்தாள். ஒரு பை வைக்கக்கூட இடமில்லாமல் சிலிண்டர் கால் நீட்டிப் படுத்திருந்தது. அவர் குனிந்து, எடை பார்க்க, வண்டியின் பின்புறத்தை இடது கையால் ஒரு தடவை லேசாக நெம்பிப் பார்த்தார்.

தொப்பி போட்ட பெண் ஒருத்தி வந்து குழாயை மாட்டினாள். மகள் வயதுதான் இருக்கும். ஒரு சீறல் கேட்டது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மெஷினில் மட்டும் எண்கள் ஓடி எட்டில் நின்றன. சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. மறுபடி பின்புறத்தை நெம்பினார். கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"எட்டுக் கிலோன்னு காட்டுது. எங்க போச்சு எட்டுக் கிலோ?"

"உள்ளதாங்க ஐயா இருக்கு."

"யாருகிட்ட சொல்ற? எட்டுக் கிலோ ஏறினா என் கைக்குத் தெரியாதா? வெறுங்காத்தக் காட்டி காசு பறிக்கிறியா? திருட்டுப் பொழப்பு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பெருசு, சந்தேகம்னா உள்ள பூந்து பாத்துட்டு வாங்க" என்றான் ஒருத்தன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. குழாயைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டினாள். மகளிடம்தான் பேசினாள். "மெஷின் தப்புன்னா ஆபீஸ்ல சொல்லுங்கக்கா, வந்து பாப்பாங்க. என்னத் திருடின்னுட்டாரு. நாளைக்கு எந்தக் கையால உங்க வண்டிக்கு நான் குழாய் மாட்டுவேன்? இனிமே இங்க வராதீங்க."

சுற்றுவட்டாரத்தில் கேஸ் போட இருக்கும் இடம் அது ஒன்றுதான். பெட்ரோலில் ஓட்டினால் வரும்படி கைக்கும் வாய்க்கும் எட்டாது என்றுதான் மகள் கையில் இருந்ததையெல்லாம் போட்டு வண்டியை கேசுக்கு மாற்றியிருந்தாள். வண்டி கிளம்பி முதல் வளைவு வந்ததும், கியரை மாற்றியபடி சொன்னாள்.

"வீட்ல வச்சு நாலு வார்த்தை திட்டுங்கப்பா, கேட்டுக்கறேன். என் சோத்துல ஏன் மண்ணப் போட்டீங்க?"

"பாதி மலையில நிக்கும் பாரு. அப்பத் தெரியும் யாரு திருடன்னு."

"பெட்ரோல் டேங்க் காலி. நின்னா நீங்கதான் தள்ளணும்."

தள்ளியவர்தான். இந்த மலையை அவருக்கு வளைவு வளைவாகத் தெரியும். வயசுக் காலத்தில் மூட்டை வண்டியை ஆறு பேராகத் தள்ளி ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, நாக்குத் தள்ள, தரையில் விழுந்து கிடந்திருக்கிறார்கள். இந்தத் தோள் முதன்முதலில் பிசகியதும் இங்கேதான். இப்போது கார் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவு போனது. இதில் நிற்கும் என்று நினைத்தார். அடுத்ததும் போனது. தன் கால்கள் வண்டியின் தரையை மிதித்துத் தள்ளிக்கொண்டிருப்பதை அவரே பிறகுதான் கவனித்தார். எட்டுக் கிலோ. இந்த வலியோடுகூட ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். கண்ணில் படாத, கைக்குச் சிக்காத அந்த எட்டுக் கிலோ, அவரையும் மகளையும் இத்தனை இரும்பையும் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்காமல் மலை ஏறுகிறது. ஆறு ஆள் செத்துப் பிழைத்த ஏற்றம். அவருக்கு மயிர்க்கால்கள் சிலிர்த்துக்கொண்டன.

உச்சியில் மகள் வண்டியை ஓரங்கட்டினாள். அவர் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, சிலிண்டர்மேல் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஜில்லென்றிருந்தது. சிலிண்டரின் வளைந்த முதுகு முழுக்க முத்து முத்தாக நீர்.

"வேர்த்திருக்கு" என்றார்.

"கேஸ் செலவானா சிலிண்டர் குளுந்துடும்பா. காத்துல இருக்கற ஈரம் வந்து ஒட்டிக்கும்."

அவர் காதில் அது ஏறவில்லை. பாரம் ஏற்றி முடித்த முதுகு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தோளில் கிடந்த துண்டை உருவினார். கூட்டாளியின் முதுகைத் துடைத்துவிடுவதுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்லத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி பூத்தது.

"திரும்பி வர்றப்ப அந்தப் பங்க்ல நிறுத்து."

"ஏன், திட்டினது போதலியா?"

அவர் ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். கீழே, வந்த பாதை வளைந்து வளைந்து இறங்கும் முடிவில், பங்கின் கூரை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அங்கே தொப்பி போட்ட அந்தப் பெண்ணிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருந்தது.