வெறும் வாய்

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். திருப்பருத்திக்குன்றத்து வீட்டில் சேலையின் உடலை மாமியார் மணியம்மாள் நெய்வாள். பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவது மருமகள் தேவிப்ரியாவின் வேலை. ஒருத்தி அசந்தால் இருவர் உழைப்பும் கெட்டது.

தேவிக்கோ தூக்கம் வந்துகொண்டே இருந்தது. கல்யாணமாகி மூன்று வருடம். மாதவிலக்கு நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும். சினைப்பையில் நீர்க்கட்டி, எடையைக் குறை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இரவுச் சோற்றை விட்டாள், விடியலில் நடந்தாள். உடம்பு ஏறியதே தவிர இறங்கவில்லை. சித்திரை வெயிலிலும் குளிர்ந்தது. இவள் ஒளித்துத் தின்கிறாள் என்று மணியம்மாள் முடிவு கட்டி, அதைத் தெருவிலும் சொல்லிவிட்டாள். காமாட்சி அம்மனிடம் குழந்தை வரத்துக்கும் முதலில் தேவி கேட்டது, தன்னை நம்ப ஒரு ஆள்.

அன்று தேவி அசந்ததில் கரையில் இழை தப்பியது. முறைத்த மணியம்மாள், மருமகளின் தொண்டையில் ஏதோ ஏறி இறங்குவதைப் பார்த்தாள். தறியில் உட்கார்ந்து தின்பது அந்த வீட்டில் பாவம்.

"வாயில இன்னாடி?"

"ஒன்னும் இல்ல அத்த. எச்சில் முழுங்குனேன்."

"எச்சிலு லட்டு சைஸுலயா போவுது? வாயத் தொற."

தேவி திறந்தாள். நாக்கையும் தூக்கிக் காட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெறும் வாய்.

மணியம்மாள் அவள் தொண்டையில் விரல் வைத்தாள். "இன்னொரு வாட்டி முழுங்கு." மெத்தென்ற மேடு ஒன்று விரலுக்கடியில் ஏறி இறங்கியது. அவள் முகம் மாறிவிட்டது.

"தறி கெடக்கட்டும். பொடவைய மாத்து, டாக்டராண்ட போலாம்."

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்தார்.

"தைராய்டு சுரப்பிய உடம்பே எதிரின்னு நெனச்சித் தாக்குது. நீர்க்கட்டி இருக்கறவங்களுக்கு இதுவும் சேர்ந்து வர்றது ஜாஸ்தி. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல. நான் முன்னாடியே பாத்திருக்கணும். தூக்கம், குளிர், எடை எல்லாத்துலயும் இதுக்குப் பங்கு இருக்கு. மாத்திர போட்டா சுரப்பு சரியாவும். மாதவிலக்கும் சீராக வாய்ப்பு உண்டு. குழந்தைக்கும் வழி அடைபடல."

"அப்போ இவ ஒளிச்சித் தின்னலியா?"

"பட்டினி கெடந்திருக்காங்கம்மா."

ஒரு நோய்க்கு இரண்டாயிற்று. ஆனாலும் தேவிக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போலிருந்தது. அம்மன் துணை அனுப்பும்போது நமக்குப் பிடித்த ஆளாகப் பார்த்து அனுப்புவதில்லை. சந்தேகப்பட்ட விரலையே அனுப்பிவிடுகிறாள்.

திரும்பும் வழியில் தெருக்குழாயடியில் பொன்னி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மணியம்மாள் நின்றாள்.

"எம்மருமவ திங்கறான்னு சொன்னேன்ல, அது பொய்யி. அவளுக்கு ஒடம்புல கோளாறு. நாலு பேராண்ட நீயே சொல்லிடு, ஒனக்குத்தான் வாய் நீளம்."

வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்குப்பின் ஒரு மணி நேரம் காபி கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மறுநாள் விடியலில் மணியம்மாளே மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். காபி இல்லாமல் கண் திறக்காதவள், டிகாஷனை மூடிவைத்துவிட்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, ஒனக்குமா தைராய்டு?" என்றான் மகன் பாண்டியன்.

"போடா. அவ குடிக்கறப்ப நானும் குடிக்கறேன்."